பேச்சிலேயே தெரிந்துவிட்டது என்றார்கள்

மொழியியல் பேராசிரியர் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனை மொழி தெரியும் சார்?" என்பதுதான். உருப்படியாக ஒன்றுகூடத் தெரியாது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். பிறந்தபோது என் காதில் விழுந்த தமிழை எனக்கு இப்போது பேச வராது. முயன்றால் நாடகத்தில் வேஷம் கட்டியவன் பேசுவதுபோல இருக்கும்.

ஓரிக்கை காலனியில் பிறந்தேன். அப்பா நெல் அரவை மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா நடவு இருக்கும்போது நடவுக்கும், இல்லாதபோது சித்தாள் வேலைக்கும் போனாள். எனக்கு ஒரே ஒரு அக்கா. ஆரம்பப் பள்ளியில் அடித்த வாத்தியாரின் பிரம்பைப் பிடுங்கி முறித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள் அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. நான் அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உயர்நிலைப் பள்ளிக்கு டவுனுக்குப் போனேன். ஒருநாள் தாமதமாக வந்தபோது தமிழ் வாத்தியார் காரணம் கேட்டார். "மாட்ட இஸ்துக்கினு போயி கட்டிட்டு வந்தேன் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. என்னை பெஞ்சின் மேல் நிற்கவைத்து, "இழுத்துக்கொண்டு" என்று மணி அடிக்கும்வரை சொல்லவைத்தார். வகுப்பு முடிந்து வெளியே போன அதே வாத்தியார், "டேய், என் சைக்கிள இஸ்துக்கினு வா" என்று பியூனிடம் சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. சிரித்த பையன்களும் வீட்டுக்குப் போனால் அப்படித்தான் பேசினார்கள். தறி நெய்யும் சாலியர் வீட்டுப் பிள்ளை, மளிகைக்கடைக்காரர் பிள்ளை, எல்லோரும். சொல்லைக் கேட்டு அவர்கள் சிரிக்கவில்லை, சொன்னவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வயதில் அது எனக்கு விளங்கவில்லை. கோளாறு என் நாக்கில்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

அதனால் நாக்கை மாற்றினேன். டீக்கடை ரேடியோவில் செய்தி வாசிக்கும்போது பக்கத்தில் நின்று, வாசிப்பவர் கூடவே உதட்டை அசைப்பேன். பள்ளி முடிப்பதற்குள் செய்தி வாசிப்பவர் மாதிரியே பேசத் தொடங்கிவிட்டேன். "இன்னாடா, ரேடியோவ முயிங்கிட்டியா?" என்று அம்மா கேட்பாள். அக்கா கேலி செய்து செய்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அரசுக் கல்லூரியில் வரலாறு படித்தேன். மேலே படிக்கத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையில் இடம் கிடைத்தது. அந்தத் துறையில் எப்போதும் இடம் காலியாக இருக்கும் என்பதுதான் கிடைத்ததற்குக் காரணம். மொழியியல் என்றால் என்ன என்று தெரியாமலே போய் உட்கார்ந்தேன். முதல் வகுப்பில் ஓர் இளம் விரிவுரையாளர் சொன்னார்: "பேச்சில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது. ஒருவன் எப்படிப் பேசுகிறானோ அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை."

அன்று சாயங்காலம் விடுதிக்குப் பின்னால் இருந்த முந்திரித் தோப்புக்குப் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "இஸ்துக்கினு வந்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகை வந்தது. இந்தப் படிப்புக்கு என் உயிரையே கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுக்கவும் கொடுத்தேன். அது திருப்பி என்ன கொடுத்தது என்பதுதான் மிச்சக் கதை.

இரண்டாம் ஆண்டில் கள ஆய்வு என்று ஒரு பாடம். தெரியாத ஒரு பேச்சை, அதைப் பேசுகிற ஒருவரிடம் கேள்வி கேட்டுக் கேட்டே ஆராய வேண்டும். அப்படிப் பதில் சொல்கிறவருக்குத் தகவலாளி என்று பெயர். வழக்கமாக மலைப்பக்கத்திலிருந்து யாரையாவது கூட்டி வருவார்கள். அந்த ஆண்டு பேராசிரியர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம வகுப்பிலேயே ஒருத்தர் இருக்கும்போது வெளியே எதுக்குப் போகணும்?" என்றார். நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். கூடப் படித்தவர்கள் சுற்றி உட்கார்ந்து தாளை விரித்துக்கொண்டார்கள்.

"உங்க வீட்டில சாப்பிடறதுக்கு என்ன சொல்வீங்க?"

"சாப்பிடறது."

பேராசிரியர் தலையை ஆட்டினார். "அப்படி இல்ல. இயல்பாச் சொல்லுங்க. உங்க வீட்டில, உங்க தெருவில சொல்ற மாதிரி."

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். "துன்றது" என்றேன். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் எழுதாமல் என் முகத்தைப் பார்த்தாள். அவளும் பிறகு எழுதினாள்.

அந்தப் பருவம் முழுக்க அந்த நாற்காலியில் இருந்தேன். தேர்வுக்கு எல்லோரும் என் பேச்சை ஆராய்ந்து கட்டுரை கொடுத்தார்கள். நானும் என் பேச்சை ஆராய்ந்து கொடுத்தேன். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் எனக்கு. காரணம் கேட்கப் போனேன். "தகவலாளி தன்னைத்தானே ஆராய்ந்துக்கிறது விஞ்ஞானம் ஆகாதுப்பா. ஒரு தள்ளி நின்ற பார்வை வேணும்" என்றார் பேராசிரியர். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது தன் சொந்தத் தெருவின் பேச்சுக்கு இலக்கணம் எழுதித்தான். அந்தப் புத்தகம் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது. முன்னுரையில், தன் தாய்க்கும் தன் வீட்டாருக்கும் தன் செவிக்கும் நன்றி சொல்லியிருந்தார்.

பேச்சு வழக்கை ஆராய அந்தத் துறையில் அவர் ஒருவர்தான் என்பதால் முனைவர் பட்டத்துக்கும் அவரே நெறியாளரானார். காஞ்சிபுரத்துப் பேச்சை எடுத்துக்கொண்டேன். துறையிலிருந்து ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரைக் கொடுத்தார்கள். அரிசி மூட்டை மாதிரி கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு முதலில் வீட்டுக்குத்தான் போனேன். அம்மாவை உட்காரவைத்து மைக்கை முன்னால் வைத்தேன்.

"இதுகிட்ட போயி இன்னாடா பேசறது?"

"எதையாவது பேசும்மா."

"எதுனா பேசுன்னா? பைத்தியமாடா நானு? கொழம்பு அடுப்புல கீது." எழுந்து போய்க் கரண்டியால் கிளறிவிட்டு வந்தாள். பிறகு பேசத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. தன் கல்யாணம், பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது, வரப்பில் வைத்து அவளைப் பேர் சொல்லாமல் ஜாதி சொல்லிக் கூப்பிட்டவனுக்கு அவள் கொடுத்த பதில். டேப் தீர்ந்தது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தாள். நானும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பெரியவர் வீட்டில் பதிவு செய்தேன். கல்லூரியில் கணக்குப் போதித்து ஓய்வு பெற்றவர். மிக மரியாதையாக நடத்தினார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுக் கச்சேரி செய்கிறவர் மாதிரி உற்சாகமாகப் பேசினார். நடுவில், "நோக்கு எந்த ஊர்?" என்றார். ஓரிக்கை என்றேன். "ஓரிக்கையில எங்கே?" சொன்னேன். கோபப்படவில்லை, எழுந்து போகச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டபடி கடைசிவரை பேசினார். ஆனால் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, "இதை நீங்களே பிடிச்சுக்கோங்கோ" என்றார். அதற்குமேல் என்னை 'நீ' என்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகக் கசப்பான மரியாதை அந்த 'நீங்கள்'தான். அவருடைய பேரன்கள் வீட்டுக்குள் "வந்துண்டு இருக்கான்" என்றும், தெருவில் பந்து ஆடும்போது "வந்துக்கினு கீறான்" என்றும் பேசுவதையும் அங்கேதான் பதிவு செய்தேன்.

நெசவாளர் வீடுகளுக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிடிப்பது பெரும்பாடு. தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்பவர்கள் என்னிடம் தமிழுக்கு மாறும்போது அங்கேயும் "நெய்ஞ்சிக்கினு", "சுத்திக்கினு". கடைத்தெரு, சந்தை, பஸ் ஸ்டாண்டு, எல்லா இடத்திலும் அதே 'கினு'. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு பேச்சு என்று பிரித்துப் போட்டால் என் பதிவுகள் அதற்குள் அடங்கவில்லை. ஒரே ஆள் வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாகப் பேசினார். ஒரே சொல் எல்லாத் தெருவிலும் சுற்றியது. அதையே ஆய்வேட்டில் எழுதினேன்.

நெறியாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் காலத்து முறைப்படி அட்டவணையில் மூன்று கட்டம் வேண்டும்: பிராமணர், பிராமணர் அல்லாதார், ஹரிஜனர்.

"மூணாவது கட்டம் எங்கேப்பா?"

"அதில் தனியாகப் போட எதுவும் இல்லை சார். இரண்டாவதில் இருப்பதுதான் அதிலும் இருக்கிறது."

"அதெப்படி? உங்க ஆளுங்க பேச்சுக்குன்னு ஒரு தனி அமைப்பு இருக்கணுமே."

"நான் பார்த்தவரையில் இல்லை சார்."

"நீ சரியாப் பார்க்கலை. உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. திரும்பப் போய்ச் சேகரிச்சுக்கிட்டு வா."

திரும்பப் போனேன். திரும்ப அதையே கொண்டுவந்தேன். மறுபடியும் அனுப்பினார். என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்ப் பிள்ளை பெற்ற பிறகும் நான் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். அக்காதான் அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டு எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். "அந்தாளு கேக்கற மூணாவத எய்திக் குட்த்துட்டு வாயேண்டா" என்றாள் ஒருநாள். முடியாது என்றேன். இல்லாத வேலியை என் கையாலேயே போட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை. கடைசியில் அவர் அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். வெளியூர்த் தேர்வாளர் பாராட்டி எழுதியிருந்த அறிக்கையை எனக்குக் காட்டவில்லை. அதைப் பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அதே துறையில் வேலை கிடைத்தது. இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற அடைமொழி முதல் நாளே என் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நன்றாகப் பாடம் நடத்தினேன் என்று மாணவர்கள் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வந்தால் துறையில் என்னிடம்தான் அனுப்புவார்கள். எதற்கு என்று போகப்போகப் புரிந்தது. "வடமாவட்டத்துப் பேச்சு வேணும்னா நம்ம சார் பேசிக் காட்டுவார்." வருகிறவர்கள் என் கட்டுரையைப் படித்திருக்கமாட்டார்கள். என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

துறைத் தலைவர் பதவி பணிமூப்பில் எனக்கு வர வேண்டிய ஆண்டில், மாணவர்கள் குறைவு என்று சொல்லி மொழியியல் துறையைத் தமிழ்த் துறையோடு சேர்த்துவிட்டார்கள். துறை ஒரு பிரிவாகிவிட்டது. பிரிவுக்குத் தலைவர் கிடையாது. நான் உட்கார வேண்டிய நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. அந்த நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். யார் மீது என்று புகார் கொடுப்பது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் டேப்புகளை அலமாரியில் வைத்திருந்த ஒலிப்பதிவு அறையைக் கணினிக்கூடம் ஆக்கியபோது நான் விடுப்பில் இருந்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பள்ளி ஆசிரியையாக இருந்தவள், என் கோபங்களையெல்லாம் எனக்கும் சேர்த்துப் பட்டவள். அவளை இழந்து, காரியம் முடித்து, வேலைக்குத் திரும்பினேன். அலமாரி இருந்த சுவரில் புதிய பெயிண்டு அடித்திருந்தது.

"டேப்பெல்லாம் எங்கே?" என்று அலுவலகத்தில் கேட்டேன்.

"பழசெல்லாம் கழிச்சுக் கண்டம் பண்ணியாச்சு சார். அதைப் போட்டுக் கேக்க மிஷினே இல்லையே. லாரியில ஏத்திட்டாங்க."

"யாரிடமும் கேட்கவில்லையா?"

"கமிட்டி போட்டாங்க சார். யாருக்கும் தேவையில்லைன்னு எழுதிட்டாங்க."

அம்மா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவளைப் படம் எடுத்து வைத்தது உண்டு. குரல் அந்த டேப்பில் மட்டும்தான் இருந்தது. ஆடும் வெள்ளமும் வரப்பும் குழம்பும் எல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டன. யாருக்கும் தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்தேன். மகன் பெங்களூரில் இருக்கிறான், வா என்றான். அங்கே போய் இன்னொரு மொழிக்கு நாக்கை வளைக்க எனக்குத் தெம்பு இல்லை. அக்கா இருக்கிற ஊர் போதும் என்று தோன்றியது. புரோக்கர் ஒருவர் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி வீட்டைக் காட்டினார். கீழே வீட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுபவர், தறியில் தொடங்கிப் பட்டுக் கடை வைத்துப் பெரிய ஆளானவர். என் வயதுதான் இருக்கும்.

அவர் வீட்டில் என்னைக் கொண்டாடினார்கள் என்றே சொல்ல வேண்டும். கடைக்கு வருகிற பெரிய மனிதர்களை மாடிக்கு அழைத்து வந்து, "நம்ம புரொபசர் சார்" என்று அறிமுகம் செய்வார். "சார் தமிழு பேசினா கேட்டுக்கினே இருக்கலாம். கோயிலுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்குது" என்பார். விசேஷ நாளில் அவர் மனைவி புளியோதரை கொடுத்தனுப்புவார். என்னை யாரும் நேராக எதுவும் கேட்கவில்லை. "சார் சைவம்தானே?" என்று ஒருமுறை கேட்டார்கள். மனைவி போன பிறகு வீட்டில் கறி சமைக்க எனக்குத் தெரியாததால் ஆமாம் என்றேன். என் பேச்சையும் அந்த ஆமாமையும் கூட்டி அவர்களாகவே ஒரு விடை எழுதிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், டிபன் கேரியரில் கருவாட்டுக் குழம்போடு. கீழே குழாயடியில் வீட்டுக்காரர் மனைவி நின்றிருந்தார். நான் மாடி வராந்தாவிலிருந்து கேட்டேன்.

"யாரும்மா? வேலைக்கா?"

"வேலைக்கா? எந்தம்பி வூட்டுக்கு வந்துக்கினு கீறேன்மா. மாடில கீறானே, அவந்தான்."

"சாரா? சார் உங்க தம்பியா?" குழாயை மூடினார். "நீங்க எந்தப் பக்கம்?"

"ஓரிக்கைதான்."

"ஓரிக்கையில?"

"காலனிமா" என்றாள் அக்கா, மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

மேலே வந்தவள் கேரியரை வைத்துவிட்டு, "இன்னாடா, உங்க வூட்டுக்காரம்மா மூஞ்சி அப்டியே சுண்டிப்பூட்சி?" என்றாள். நான் தட்டை எடுத்தேன்.

அடுத்த விசேஷத்துக்குப் புளியோதரை வரவில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அடிக்கடி ரிப்பேர் ஆனது. கீழ்வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டியது. ஒருநாள் காலை வீட்டுக்காரர் மேலே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், பொண்ணு மாப்பிள்ளையோட இங்கயே வந்துடறேன்னு சொல்லுது. வீடு தேவைப்படுது."

"காரணம் அது இல்லையே. நேராகச் சொல்லுங்கள்."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். சத்தியமா. வீட்ல பொம்பளைங்க பூஜை, ஆசாரம்னு பார்த்துக்கினு இருக்காங்க. மனசு ஒப்ப மாட்டேங்குது."

"இத்தனை நாள் ஒப்பியதே."

"உங்க பேச்சுல தெரியல சார். உங்க அக்கா பேச்சுலயே தெரிஞ்சிடிச்சி."

என் வாழ்க்கை முழுவதும் படித்த படிப்பு அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் வந்து நின்றது. கோபம் வந்தது. இருந்தும் வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டேன். "எந்தச் சொல்லில் தெரிந்தது?"

"சொல்லுன்னு இல்ல சார்..."

"அவள் 'வந்துக்கினு' என்றாள். நீங்கள் இப்போது 'பார்த்துக்கினு' என்றீர்கள். உங்கள் கடைப் பையன் அப்படித்தான் பேசுகிறான். உங்கள் மனைவி தெலுங்கு பேசாத நேரத்தில் அப்படித்தான் பேசுகிறார். அவள் பேச்சில் எதுவும் தெரியவில்லை. உங்கள் மனைவி கேட்டார், அவள் சொன்னாள். கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். இரக்கம்தான், வேறு சொல் இல்லை. "நீங்க படிச்சவங்க சார். ஆனா இதெல்லாம் புக்குல வராது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என் நெறியாளர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு இவரை அறிமுகம் செய்திருப்பேன். ஒருவர் அட்டவணையில் தேடியதை இன்னொருவர் காதிலேயே வைத்திருந்தார்.

வழக்குப் போடலாம் என்றார் தெரிந்த வக்கீல். சாட்சி வேண்டும் என்றும் சொன்னார். அக்காவிடம் சொன்னேன். அவள் குரல் ஏறியது.

"ஸ்டேஷன்ல போயி நானு குந்திக்கினு, அந்தம்மா இன்னா கேட்டா, நானு இன்னா சொன்னேன்னு எவங்கிட்டயோ சொல்லணுமா? முடியாது போ. நீ மொதல்லயே சொல்லிருக்கணும்."

"யாரும் என்னைக் கேட்கவில்லையே அக்கா."

"கேக்கல. ஏன் கேக்கல? நீ ரேடியோ மாதிரி பேசுனா எவன் கேப்பான்? என்னக் கேட்டாங்க, நானு சொல்ட்டேன். எனுக்கு இன்னா பயம்?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்தப் பேச்சு உனுக்குச் சோறு போட்டுது. வேணான்னு சொல்லல. ஆனா ஒரு வூடு கூட அதால நிக்கல பாரு."

நான் எதையும் மறைக்கவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

ஒன்று செய்தேன். ஒப்பந்தம் முடியும்வரை காலி செய்யமாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் கேன் வாங்கிக்கொண்டேன். அக்கா அதைக் கேள்விப்பட்டதும் வாரம் தவறாமல் வரத் தொடங்கினாள். மூட்டு வலியோடு கேட்டைத் திறக்கும்போதே தெரு முழுக்கக் கேட்கும்படி, "இன்னாம்மா, நல்லாகீறியா? மோட்டாரு ரெடியாய்ச்சா?" என்பாள். உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவள் சிரித்துக்கொண்டே படி ஏறி வருவாள். மேலே வந்து உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு இருக்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நானும் கேட்டதில்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகு ஓரிக்கை போகிற வழியில் புதிதாக வந்த மனைப் பிரிவில் ஒரு வீட்டுக்கு மாறினேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். ஆதார் கார்டு மட்டும் போதும் என்றார் புரோக்கர். என்னை விரும்பி ஏற்றுக்கொண்ட வீடு என்று இதைச் சொல்லமாட்டேன். கேட்க ஆள் இல்லாத வீடு.

கருட சேவை அன்று கூட்டத்தில் பழைய வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நல்லா இருக்கீங்களா? உங்க பேச்சக் கேக்காம போரடிக்குது சார்." அவர் கண்ணில் துளிக் கூச்சம் இல்லை. மகள் வந்துவிட்டாளா என்று கேட்டேன். "எங்க சார், மாப்பிள்ளைக்கு மாத்தல் கிடைக்கல. அதான் வாடகைக்கு விட்டுட்டோம். நல்ல குடும்பம், நம்ம..." என்று தொடங்கியவர் பக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சார் கோபப்பட்டால்கூடத் தமிழ் எவ்வளவு சுத்தம் என்பார்.

போன மாதம் அக்காவின் முட்டியைக் காட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரவேற்பில் இருந்த பெண் அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "சார், பேஷண்டுக்கு என்ன ப்ராப்ளம்?" நான் வாயைத் திறந்தேன். எத்தனை நாளாக வலி, எந்த மாத்திரை, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் இருந்தது.

அக்கா என் கையைத் தள்ளினாள். "தோ பாருமா, வலி எனுக்கு. என்னக் கேளு. நீ கம்முனு குந்துடா."

அவள் சொல்லத் தொடங்கினாள். முட்டியில் ஆரம்பித்து, மருமகள் வாங்கிவந்த தைலம், பஸ் படி ஏறமுடியாதது, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதது என்று போய்க்கொண்டே இருந்தாள். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் வர இன்னும் நேரம் ஆகும் என்று எழுதிப் போட்டிருந்தது.

உள்ளே போய் வந்தவள், ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதுமாம் என்று சொன்னாள். ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும், "நாளைக்கி வரப்ப கத்திரிக்கா வாங்கிக்கினு வா" என்றாள். சரி என்றேன்.